நாய்க்கு எதற்கு உரிமம்?

மாணவர்களே, உங்கள் வீட்டில் நாய் வளர்க்கிறீர்களா? சென்னையில் நாய் வளர்ப்போர் மாநகராட்சியிடம் உரிமம் பெற வேண்டும். அதற்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்ட சான்றிதழைக் காட்ட வேண்டும். "எங்கள் நாய் சாதுவானது, அதற்கு எதற்கு ஊசி?" என்கிறீர்களா? சாதுவான நாயையும் வெறிநாய் கடிக்கலாம் அல்லவா?

வெறிநோயை உண்டாக்குவது ஒரு வைரஸ். நோயுற்ற நாயின் உமிழ்நீரில் இருக்கும் அது, கடிவாய் வழியே நுழைந்து, நரம்புகளின் ஊடே மூளையை நோக்கி மெல்ல நகரும். நோய்க்குறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது.

ஓர் ஊரில் 100 நாய்களுக்கு 70 வீதம் ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டுவந்தால், வைரஸ் பரவ வழியின்றிப் படிப்படியாக மறைந்துவிடும். அந்த 70-இல் உங்கள் நாயும் ஒன்றாக இருக்கட்டும் என்பதே விதியின் நோக்கம்.

நாயோ பூனையோ கடித்துவிட்டால்? மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். வைரஸின் மேலுறையில் கொழுப்பு உண்டு. சோப்பு அதைச் சிதைத்துவிடும். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வைரஸ் மூளையை அடையுமுன் தடுப்பூசி முந்திக்கொள்ள வேண்டும். திட்டுக்குப் பயந்து கடியை மறைக்கவே மறைக்காதீர்கள்!