மெழுகை உருக்கும்போது

எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவில் விரல் மூட்டு வலிக்காக மெழுகு ஒத்தடம் பெறுவோர், சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் வேளையில் எங்களிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. “உருகிய மெழுகுக்குள்ளேயே கையை விட்டு எடுக்கிறோம், சுடவில்லையே, வீட்டில் மெழுகுவத்தி செய்வதில் மட்டும் என்ன ஆபத்து இருந்துவிடப் போகிறது?” என்பது அக்கேள்வி. மகளிர் சுய உதவிக் குழுக்களில் மெழுகுவத்திப் பயிற்சி பெற்று, வீட்டிலிருந்தபடியே சிறு வருவாய் ஈட்ட எண்ணுவோர் பலர். நெடுநாள் நோயிலிருந்து மீண்டு, வெளிவேலைக்குச் செல்ல இயலாதோரும் அவர்களுள் உளர். ஆதலால் இக்கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல விரும்புகிறோம்.

ஒத்தடத்துக்கு நாங்கள் பயன்படுத்துவது பாரஃபின் மெழுகுடன் கனிம எண்ணெய் கலந்த கலவை. எண்ணெய் சேர்வதால் அது குறைந்த வெப்பத்திலேயே உருகிய நிலையில் இருக்கும். அதனை 52 முதல் 54 டிகிரி செல்சியஸ் அளவில் நிறுத்தி வைக்கும் கருவியும் எங்களிடம் உண்டு. மெழுகுவத்திக்கான பாரஃபின் உருகவே பெரும்பாலும் 55 முதல் 65 டிகிரி வரை வேண்டும். அத்துடன், வீட்டு அடுப்பின் சுடருக்கு எங்கே நிற்பது என்று தெரியாது. எனவே மெழுகுவத்திக்கு உருக்கிய மெழுகில் ஒத்தடத்துக்கென்று கையை நனைப்பதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

அடுப்பில் வைத்த நீர் 100 டிகிரியை எட்டியதும் கொதிக்கிறது. எவ்வளவு எரித்தாலும் அதன் வெப்பம் அதற்குமேல் ஏறுவதில்லை. குமிழியும் ஓசையும் நமக்கு எச்சரிக்கை தருகின்றன. மெழுகு அத்தகையதன்று. உருகியபின் தெளிந்த நீரைப்போல் அசையாது கிடக்கும். 100 டிகிரியைக் கடக்கும், 150ஐக் கடக்கும், அப்போதும் பார்வைக்கு எந்த மாறுதலும் தெரியாது. முதல் அறிகுறியாக மெல்லிய புகை எழும். ஏறத்தாழ 200 டிகிரியையோ அதற்குச் சற்று மேலோ எட்டும்போது, அதன் ஆவி அருகிலுள்ள சுடரைத் தொட்டுப் பற்றிக்கொள்ளும். மெழுகுவத்தியில் எரிவது திடமான மெழுகன்று, உருகி ஆவியாகும் மெழுகே என்பதை மைக்கேல் ஃபாரடே 1860ஆம் ஆண்டு இறுதியில் இலண்டனில் சிறுவர்களுக்கு ஆற்றிய உரைகளில் செய்முறையாகவே காட்டினார். ஒரு திரியின் நுனியில் நிகழும் அதே எரிதல், பாத்திரத்தில் மேற்பரப்பு முழுவதும் நிகழ்கிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

ஆகையால் மெழுகுப் பாத்திரத்தை நேராக அடுப்பின்மேல் ஏற்றாதீர்கள். அகன்ற பாத்திரத்தில் நீரூற்றி, அடியில் ஒரு வளையத்தை இட்டு, அதன்மேல் கைப்பிடியும் மூக்கும் உள்ள சிறு பாத்திரத்தில் மெழுகை வைத்து, சிறு தீயில் உருக்குங்கள். சுற்றிலும் நீர் இருக்கும்வரை மெழுகின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. நீர் வற்றிவிட்டால் இம்முறையின் பயன் முழுவதும் போய்விடும். பிறகு அது வெறும் அடுப்பே. பக்கத்தில் வெந்நீர் வைத்துக்கொண்டு அவ்வப்போது வெளிப்பாத்திரத்தில் மட்டும் ஊற்றி வாருங்கள். தூண்டல் அடுப்பில் சுடர் இல்லையே என்று இதனைத் தவிர்ப்போரும் உளர். சுடர் இல்லாவிடினும் பாத்திரம் காய்வது காய்வதுதான். மெழுகைத் துருவியோ சிறு துண்டுகளாக்கியோ இட்டால் விரைவில் உருகும். தீயைக் கூட்ட வேண்டியிராது. இறுக மூடிய டின்னில் உருக்க வேண்டா. நறுமண எண்ணெயைச் சேர்ப்பதாயின் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கித் தள்ளி வைத்தபின் சேருங்கள்.

அடுப்பருகில் நிற்பவர் பருத்தி ஆடை அணிந்து, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்வது நலம். தொலைபேசி ஒலித்தாலும் வாயிற்கதவு தட்டப்பட்டாலும் முதலில் அடுப்பை அணையுங்கள். இதனை நாங்கள் எத்தனை முறை சொன்னாலும் தகும்.

மெழுகு தீப்பற்றினால் செய்ய வேண்டியது மிகச் சிறிது. அடுப்பை அணைத்து, பாத்திரத்தைவிடப் பெரிய உலோகத் தட்டையோ மூடியையோ பக்கவாட்டில் நகர்த்தி மூடி, பாத்திரம் முற்றிலும் ஆறும்வரை திறவாதிருங்கள். எரியும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடாதீர்கள். தீ அடங்காவிடில் அனைவரும் வெளியேறி 101 அல்லது 112 எண்ணை அழையுங்கள். நீரை மட்டும் ஊற்றவே கூடாது. எங்கள் தீக்காயப் பிரிவுக்கு வந்த ஒரு தாயார், பாத்திரத்தின் மேல் சிறு சுடர் எழக் கண்டு, கையிலிருந்த சொம்பு நீரை ஊற்றியிருந்தார். மெழுகைவிடக் கனமான நீர் அடியில் சென்று, அக்கணமே ஆவியாகி, சுமார் 1,700 மடங்கு விரிந்து, எரியும் மெழுகை முகத்தளவு வீசியெறிந்தது. அவருடைய காயத்துக்குக் காரணம் அந்தச் சிறு சுடரன்று, அந்தச் சொம்பு நீரே. அவர் மீது குறை சொல்ல நாங்கள் முன்வரமாட்டோம். தீயைக் கண்டால் நீரைத் தேடுவதே நம் அனைவரின் பழக்கம்.

தோலில் மெழுகு பட்டுவிட்டால் அங்கே நீர்தான் மருந்து. குழாய் நீரின் கீழ் 20 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து, காட்டுங்கள். வளையல், மோதிரம், கடிகாரம் ஆகியவற்றை வீக்கம் தோன்றுமுன் கழற்றிவிடுங்கள். ஒட்டிக்கொண்ட மெழுகைப் பிய்க்காதீர்கள். அதனோடு தோலும் உரிந்து வரும். குளிர்ந்து இறுகிய மெழுகை மருத்துவமனையில் வலியின்றி அகற்ற முடியும். பற்பசை, மை, மஞ்சள், தேங்காய் எண்ணெய், இட்லி மாவு, பனிக்கட்டி ஆகிய எதுவும் வேண்டா. பூசி வந்தவற்றைக் கழுவி நீக்கினால்தான் காயத்தின் ஆழத்தை நாங்கள் காண முடியும். அக்கழுவலின் வேதனை நோயாளிக்குத் தேவையற்ற தண்டனை. கொப்புளத்தை உடைக்காமல் தூய துணியால் தளர்வாக மூடி வாருங்கள். முகம், கை, பாதம், மூட்டு ஆகிய இடங்களில் பட்டாலும், காயம்பட்டவரின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலும், குழந்தைக்கோ முதியவருக்கோ நேர்ந்தாலும் தாமதிக்க வேண்டா. கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்ட நாள் நினைவிருந்தால் சொல்லுங்கள்.

எங்களிடம் சிகிச்சை பெறுவோர் சிலரிடம் தனியே ஒன்று சொல்ல வேண்டும். நீரிழிவினால் கை கால்களில் உணர்ச்சி குறைந்தோர்க்குச் சூடு பட்டதே தெரியாமற் போகலாம். வலிப்பு நோயுள்ளோர் அடுப்பருகே தனித்து நிற்றல் ஆகாது. வீட்டில் ஆக்சிஜன் பெறுவோர் இருக்கும் இடத்தில் சுடரே கூடாது. இவர்கள் இத்தொழிலைக் கைவிட வேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. உருக்குவதையும் வார்ப்பதையும் குடும்பத்தில் வேறொருவர், இயன்றால் வேறோர் இடத்தில், செய்யட்டும். திரி வெட்டுதல், அச்சில் திரி கோத்தல், ஆறிய வத்திகளை எடுத்துப் பொதிதல் ஆகிய வேலைகள் இவர்களுக்குப் பொருந்தும். விரல்களுக்கு அவை நல்ல பயிற்சியும் ஆகும். எங்கள் இயன்முறை மருத்துவர்களைக் கேட்டால், எந்த வேலையை எவ்வளவு நேரம் செய்யலாம் என்று உங்கள் நிலைக்கேற்பக் கூறுவார்கள்.