லாரிக்குள் கண்காணிப்புக் கருவி: அமெரிக்க ஓட்டுநர்கள் சொல்வது என்ன?

நமது அறக்கட்டளையின் உதவி பெறும் குடும்பங்களில் லாரி ஓட்டுநர் குடும்பங்களும் உண்டு. விமானிகளைப் போல லாரி ஓட்டுநர்களுக்கும் வேலை நேரத்தை நிர்ணயிக்க வேண்டும், தூக்கம் வந்தால் எச்சரிக்கும் சென்சார் பொருத்த வேண்டும் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2021 செப்டம்பரில் பேசினார். "இது வந்தால் எங்களுக்கு நல்லதா, கெட்டதா?" என்று அந்தச் சகோதரர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். வேலை நேரத்தைக் கருவி வைத்துக் கண்காணிப்பதை அமெரிக்கா ஏற்கெனவே கட்டாயமாக்கிவிட்டது. அங்குள்ள ஓட்டுநர்களின் அனுபவத்தைப் பார்ப்போம்.

அந்நாட்டில் நேரக் கட்டுப்பாடு 1930களிலேயே வந்துவிட்டது. ஆனால் ஓட்டுநர் தன் கையால் நோட்டில் எழுதுவதுதான் கணக்கு. அதில் எவ்வளவு பொய் இருந்தது என்றால், ஓட்டுநர்களே அதைக் 'காமிக் புத்தகம்' என்று கேலி செய்தார்கள். 2012இல் இயற்றிய சட்டத்தின்படி 2017 டிசம்பர் 18 முதல் எஞ்சினோடு இணைந்த மின்னணுக் கருவி கட்டாயமானது. வண்டி நகர்ந்தால் அதுவே பதிவு செய்துகொள்ளும்.

நேர விதி இதுதான்: பணி தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் மட்டுமே ஓட்டலாம். அதற்குள்ளும் ஸ்டியரிங் பிடிப்பது 11 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பிறகு 10 மணி நேரம் ஓய்வு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பெரிய கம்பெனிகளில் வேலை செய்யும் ஓட்டுநர்கள் சிலர் இதை வரவேற்கவும் செய்தார்கள். "இன்னும் கொஞ்சம் ஓட்டு" என்று மேலாளர் நெருக்கினால், நேரம் முடிந்துவிட்டது என்று திரையைக் காட்டிவிடலாம் அல்லவா? சொந்த வண்டி வைத்து ஓட்டுபவர்கள்தான் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்களுடைய சங்கம் நீதிமன்றம் போனது. கருவியைக் காட்டி ஓட்டுநரைத் துன்புறுத்த முடியாதபடி பாதுகாப்பு இல்லை என்று 2011இல் முந்தைய விதி ஒன்று ரத்தானது. புதிய விதியை 2016இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

அவர்களுடைய குறையின் வேர், கூலியில் இருக்கிறது. அங்கே பலருக்கும் மைல் கணக்கில்தான் சம்பளம். காலை 6 மணிக்குப் பணி தொடங்கியவர் கிடங்கு வாசலில் 5 மணி நேரம் காத்துக் கிடந்தால், அந்த நேரத்துக்குப் பெரும்பாலும் கூலி கிடையாது. ஆனால் 14 மணிக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். இரவு 8 மணிக்கு நிறுத்தியே ஆக வேண்டும். காக்க வைத்த கிடங்குக்காரரை எந்தக் கருவியும் கண்காணிப்பதில்லை. மாநிலம் விட்டு மாநிலம் போகும் ஓட்டுநர்களுக்குக் கூடுதல் நேர ஊதியமும் 1938ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே விலக்கப்பட்டிருக்கிறது. இழந்த நேரத்தை வேகத்தில்தான் பிடிக்க வேண்டும். கருவி வந்த பிறகு நேர விதி மீறல் நன்றாகக் குறைந்தது. ஆனால் விபத்து குறைந்ததாகத் தெரியவில்லை, சிறு நிறுவன வண்டிகளில் அதிவேகம் கூடியது என்று பல்கலைக்கழக ஆய்வாளர்களே கண்டார்கள்.

நேரம் முடிந்தால் எங்கே நிறுத்துவது? 2009இல் ஓர் இளம் ஓட்டுநர் சரக்கு இறக்கும் இடத்துக்கு முன்கூட்டியே வந்துவிட்டார். உள்ளே விடவில்லை. மூடிக் கிடந்த ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினார். 7 டாலருக்காக அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். லாரி நிறுத்துமிடங்களுக்காக அவர் பெயரால் 'ஜேசன் சட்டம்' வந்தது. கருவியைக் கட்டாயமாக்கிய அதே 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பகுதிதான் அதுவும். கருவி பெரும்பாலான நெடுந்தூர வண்டிகளில் ஏறிவிட்டது. நிறுத்துமிடப் பற்றாக்குறை தீரவில்லை.

நம் நாட்டில் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதினார்கள். நெடுஞ்சாலையில் அதைக் கண்டவர் உண்டா என்பது வேறு விஷயம். இங்கும் பலருக்கு டிரிப் கணக்கில்தான் சம்பளமும் பேட்டாவும். எனவே கருவி வரும் வரை காத்திருக்காமல், லோடு ஏற்றும் இடத்துக்கு வந்த நேரத்தையும் புறப்பட்ட நேரத்தையும் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வைக்குமாறு ஓட்டுநர் சகோதரர்களைக் கேட்டுக்கொள்கிறோம். முடிந்தால் அங்குள்ளவரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஹால்டிங் பணம் வந்தால் அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதை, டிரிப் கிளம்பும் முன்பே உரிமையாளரிடம் பேசிக்கொள்ளுங்கள்.