கடல் இல்லாத தீவும் வரையாடும்

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நம் குடும்பங்களில் பலர் இப்போதெல்லாம் மூன்று நான்கு நாட்களை மூணாறுக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். திரும்பி வந்து சங்கத்துப் பொங்கல் விழாவில் பார்க்கும்போது, "ராஜமலையில் ஆடு கைக்கெட்டும் தூரத்தில் நின்றது, ஓடவே இல்லை. அது வளர்ப்பு ஆடா?" என்று கேட்பார்கள். தேவிகுளம் தாலுகாவில் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம்தான் வந்து சேரும். பந்தியில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை. ஆகவே எழுதிவிடுகிறேன்.

தேவிகுளத்தைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். 1956ல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீருமேடும் தமிழ்நாட்டுக்கு வரவேண்டும் என்று எவ்வளவோ போராடியும் அவை கேரளத்தோடு போயின. ஆனால் தோட்டங்களில் தமிழ் போகவில்லை. அந்தத் தாலுகாவில், மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டை போகும் சாலைப் பக்கம், இரவிகுளம் தேசியப் பூங்கா இருக்கிறது. பரப்பு 97 சதுர கிலோமீட்டர். தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரமான ஆனைமுடி (2,695 மீட்டர்) அதற்குள்தான். நாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ராஜமலை அதன் ஒரு ஓரம் மட்டுமே.

தீவு என்று ஏன் சொல்கிறேன்?

தீவு என்றால் நான்கு புறமும் கடல் என்று பள்ளியில் படித்தோம். உயிரினங்களை ஆராய்கிறவர்கள் உயர்ந்த மலை உச்சிகளையும் தீவு என்கிறார்கள். உச்சியில் குளிர், பாறை, புல்வெளி, பள்ளங்களில் சோலைக்காடு. கீழே இறங்கினால் வெயில், வேறு காடு, ஊர், வயல். மேலே வாழப் பழகிய உயிருக்குக் கீழே உள்ள சமவெளி கடலைப் போலத்தான், கடக்க முடியாது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. அதற்கு வடக்கே உள்ள வரையாடும் தெற்கே உள்ள வரையாடும் சந்திப்பதே இல்லை. ஆனைமுடிப் பகுதியில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சிறிய தவளை இருக்கிறது. விஞ்ஞானிகள் அதற்குப் பெயர் வைத்ததே 2010ல்தான். உலகில் வேறெங்கும் அது கிடையாது. தீவு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வரை என்றால் மலை. வரையில் வாழ்வதால் வரையாடு. சங்க நூல்களில் வருடை என்று வருவது இதுதான் என்பார்கள். தமிழ்நாட்டின் மாநில விலங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையில், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மட்டுமே வாழ்கிறது. இமயமலையிலும் அரேபியாவிலும் இதைப் போன்ற ஆடுகள் உண்டு. ஆனால் 2005ல் மரபணுவைச் சோதித்தவர்கள், நம்முடையது வெள்ளாட்டை விடச் செம்மறிக்கே நெருங்கிய உறவு என்று கண்டு, அதைத் தனிப் பேரினமாக வைத்துவிட்டார்கள். வயது முதிர்ந்த கிடாவுக்கு முதுகில் சேணம் போட்டது போல வெளிறிய திட்டு விழும். ஆபத்து என்றால் காட்டுக்குள் ஓடாது. செங்குத்துப் பாறைக்கு ஏறிவிடும். சிறுத்தையும் செந்நாயும் அங்கே தொடர்ந்து போக முடியாது என்று அதற்குத் தெரியும்.

ஏன் ஓடவில்லை?

1835ல் கலாபகஸ் தீவுகளுக்குப் போன டார்வின், அங்குள்ள பறவைகள் மனிதனைக் கண்டு அஞ்சாததைப் பார்த்து வியந்தார். வேட்டையாடும் விலங்குகள் குறைந்த தீவு; பயப்பட அவை பழகவே இல்லை. வரையாட்டின் கதை வேறு. அதன் தீவில் சிறுத்தை உண்டு, செந்நாய் உண்டு. அது பயந்த சுபாவம் உள்ள பிராணி. மனிதர்கள் வேட்டையாடிய மலைகளில் தூரத்திலேயே நம்மைக் கண்டு பாறைக்கு ஏறிவிடும். ராஜமலையில் மட்டும் நிற்கிறது என்றால், அங்குள்ள மனிதர்கள் தனக்குத் தீங்கு செய்வதில்லை என்று பல தலைமுறையாக அது கற்றுக்கொண்டிருக்கிறது.

அந்தப் பாடம் சுலபத்தில் வரவில்லை. இரவிகுளம் முன்பு தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார்களின் வேட்டைக் களம். 1928ல் அவர்களே ஒரு சங்கம் வைத்து வேட்டையைக் கட்டுப்படுத்தினார்கள். காவலுக்கு வைத்துக்கொண்டது அந்த மலையின் முதுவர் பழங்குடியினரை. 1971ல் கேரள அரசு சட்டம் இயற்றி கண்ணன் தேவன் மலை நிலங்களை எடுத்துக்கொண்டது. 1975ல் இரவிகுளம் சரணாலயமாகி, 1978ல் தேசியப் பூங்கா ஆயிற்று. 2025ல் இரு மாநிலங்களும் சேர்ந்து எடுத்த கணக்கில் மொத்த வரையாடுகள் 2,668. அதில் இரவிகுளத்தில் மட்டும் 841. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரு தீவில்!

போன முறை என் பேரப்பிள்ளைகளோடு போயிருந்தேன். எங்களுக்கு முன்னால் ஒருவர் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து நீட்டினார். உப்பு வாசனைக்கு ஒரு பெட்டையும் குட்டியும் சாலைக்கே வந்துவிட்டன. காவலர் ஓடி வந்து தடுத்தார். "பாவம், பசிக்குதுங்க" என்றார் அவர். "அதுக்குப் பசி இல்லைங்க சார், உப்புக்கு ஆசை. இப்படியே பழகிட்டா குட்டி பாறை ஏறக் கத்துக்காது. நாளைக்குச் செந்நாய் வந்தா யாருங்க காப்பாத்துறது?" என்றார் காவலர். இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

குட்டி போடும் காலம் என்பதால் வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடிவிடுவார்கள். டிக்கெட் பதிவு செய்யுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். இங்கே யெல்லோஸ்டோனில் காட்டெருமைக்கு 25 கஜம், கரடிக்கு 100 கஜம் தள்ளி நிற்கவேண்டும் என்றால் மறுபேச்சுப் பேசாமல் நிற்கிறோம். நம் ஊரிலும் அப்படியே நிற்கலாமே! ஆடு தானாகக் கிட்டே வந்தால் தொடாதீர்கள்; அது கடந்து போக வழி விடுங்கள். தின்பண்டத்தைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம். மூணாறு, சின்னக்கானல் சாலைகளில் யானை எதிர்ப்பட்டால் ஹாரன் அடிக்காமல், வண்டியை விட்டு இறங்காமல், தூரத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளியின் பெரும் பகுதி வாட்டில், யூகலிப்டஸ், பைன் மரத் தோட்டங்களுக்குப் போய்விட்டது. பூமி சூடேறும்போது சமவெளியில் உள்ள உயிர்கள் மலை மேல் ஏறித் தப்பலாம். உச்சியிலேயே இருக்கிற வரையாடு அதற்கு மேல் எங்கே ஏறும்?

ராஜமலையில் நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். 2006ல் பூத்தது, 2018ல் பூத்தது, அடுத்தது 2030. அந்த வருடம் நம்மில் பலர் பிள்ளைகளோடு போவோம், கூட்டமும் தாங்காது. பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி வைப்போம்: அந்த ஆடு நம்மைக் கண்டு ஓடாமல் நிற்பது, நமக்கு முன்னால் அங்கே வந்தவர்கள் காத்துக் கொடுத்த நம்பிக்கை. நமக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் அது மிஞ்ச வேண்டும்.