பர்னார்ட் விண்மீனின் நான்கு கோள்கள்

விருச்சிகத்துக்கு வடக்கே ஒஃபியூக்கஸ் என்ற விண்மீன் குழு இருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிவப்புக் குறுவிண்மீன் அதில் உண்டு: பர்னார்ட் விண்மீன். தொலைவு 6 ஒளியாண்டு. ஆல்ஃபா சென்டாரியின் மூன்று விண்மீன்களை விட்டால், சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் விண்மீன் இதுதான். நிறை சூரியனில் ஆறில் ஒரு பங்கு. இவ்வளவு பக்கத்தில் இருந்தும், இதைச் சுற்றும் கோள்களை உறுதிசெய்ய 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் இரண்டு முறை கோள் கிடைத்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. இரண்டு முறையும் அது நிற்கவில்லை. கிடைத்த கோள்கள் ஒருபுறம் இருக்க, அந்தப் பிழைகள் பிடிபட்ட விதத்தையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் பணிபுரிந்த எட்வர்ட் எமர்சன் பர்னார்ட், 1916இல் பழைய ஒளிப்படத் தகடுகளைப் புதியவற்றோடு ஒப்பிட்டபோது, ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருப்பதைக் கண்டார். நம் வானில் இத்தனை வேகமாக நகரும் விண்மீன் வேறில்லை. ஏறத்தாழ 175 ஆண்டுகளில் முழுநிலவின் அகலத்தைக் கடந்துவிடும். மற்ற விண்மீன்களோடு ஒப்பிட்டால் இது ஓட்டம்தான்.

இந்த ஓட்டத்தில் தள்ளாட்டம் இருக்கிறதா என்று பார்க்க விரும்பினார் பீட்டர் வான் டி காம்ப். ஒரு கோள் சுற்றினால், அதன் ஈர்ப்பு விண்மீனையும் லேசாக அசைக்கும். நேர்கோட்டில் போகவேண்டியது நெளிந்து போகும். பென்சில்வேனியாவின் ஸ்ப்ரௌல் வானாய்வகத்தில் 1938 முதல் ஆண்டு தவறாமல் இந்த விண்மீனைப் படமெடுத்தார். வியாழனைவிடப் பெரிய கோள் ஒன்று 24 ஆண்டுக்கு ஒருமுறை இதைச் சுற்றுவதாக 1963இல் அறிவித்தார். அவர் கண்ட நெளிவு, தகட்டில் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். பாடநூல்கள்கூட அதை ஏற்றுக்கொண்டன.

1973இல் ஜார்ஜ் கேட்வுட், ஹைன்ரிக் ஐக்ஹார்ன் இருவரும் வேறு தொலைநோக்கிகளின் தகடுகளை அளந்தார்கள். நெளிவு இல்லை. அதே ஆண்டில் ஸ்ப்ரௌலிலேயே இருந்த ஜான் ஹெர்ஷி இன்னொரு விண்மீனின் தகடுகளை எடுத்துப் பார்த்தார். பர்னார்ட் விண்மீன் துள்ளிய அதே ஆண்டுகளில் அதுவும் துள்ளியிருந்தது. 1949இல் தொலைநோக்கியின் வில்லையைப் புதிய சட்டத்தில் பொருத்தியிருந்தார்கள். 1957இலும் அதில் ஒரு சரிசெய்தல் நடந்தது. அசைந்தது விண்மீன் அல்ல, வில்லைதான். வான் டி காம்ப் கடைசிவரை இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்தத் தகடுகளை அவர் ஒழுங்காகச் சேர்த்து வைத்திருக்காவிட்டால் பிழையின் காரணம் வெளிப்பட்டிருக்காது. 1995 மே மாதம் அவர் இறந்தார். சூரியனைப் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றும் முதல் கோள் அதே ஆண்டு அக்டோபரில் அறிவிக்கப்பட்டது.

அந்தக் கண்டுபிடிப்புக்கு உதவியது வேறொரு முறை. விண்மீன் நம்மை நோக்கி வரும்போது அதன் ஒளி நிறமாலையில் நீலப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் நகரும். அந்த நகர்வை அளந்து, பூமியைப்போல் மூன்று மடங்கு நிறையுள்ள கோள் 233 நாளில் பர்னார்டைச் சுற்றுவதாக 2018இல் ஒரு குழு சொன்னது. விண்மீன் தன்னைத்தானே சுற்றச் சுமார் 145 நாள் ஆகிறது. அதன் மேற்பரப்பில் உள்ள புள்ளிகளும் சேர்ந்து சுழல்வதால் ஒளியில் ஏற்ற இறக்கம் தோன்றுகிறது. அது நம் ஓராண்டு நோக்கு இடைவெளியோடு கலந்து 233 நாள் என்ற போலிக் கணக்கைக் காட்டியிருக்கிறது என்று 2021இல் தெரியவந்தது.

2024 அக்டோபரில் சிலியின் பரனால் மலையிலுள்ள விஎல்டி தொலைநோக்கியின் எஸ்பிரெஸ்ஸோ கருவியைக் கொண்டு, ஹோனை கொன்சாலெஸ் எர்னாண்டெஸ் குழுவினர் 3.15 நாளில் சுற்றும் ஒரு கோளை அறிவித்தார்கள்; இன்னும் மூன்று இருக்கலாம் என்றும் சொன்னார்கள். 2025 மார்ச்சில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரித்விக் பசந்த், ஜேக்கப் பீன் குழுவினர், ஹவாயின் ஜெமினி நார்த் தொலைநோக்கியில் மரூன்-எக்ஸ் என்ற கருவி 112 இரவுகளில் திரட்டிய தரவுகளை வைத்து மூன்றையும், எஸ்பிரெஸ்ஸோ தரவுகளையும் சேர்த்து நான்காவதையும் உறுதிசெய்தார்கள். வேறு இடம், வேறு கருவி, வேறு குழு, விடை ஒன்றே. முன்பு இரண்டு முறையும் கிட்டாதது இந்தச் சாட்சிதான்.

பர்னார்ட் விண்மீன் வினாடிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது. நான்கில் மிகச் சிறிய கோள் அந்த வேகத்தைக் கூட்டிக் குறைப்பது வினாடிக்குச் சுமார் 22 சென்டிமீட்டர். கைக்குழந்தை தவழும் வேகம். அதை 6 ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து அளந்திருக்கிறார்கள்!

நான்கும் செவ்வாயைப்போல் குறைந்தது இரண்டு, மூன்று மடங்கு நிறை கொண்டவை. பூமியில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியோ அதற்குக் கீழோதான் வரும். ஓராண்டு என்பது அங்கே 2.3 நாளிலிருந்து 6.7 நாள்வரை. இவ்வளவு நெருக்கத்தில் வெப்பம் அதிகம். 3.15 நாள் கோளின் மேற்பரப்பு 125 டிகிரி செல்சியஸ் இருக்கலாம் என்பது கணிப்பு; திரவ நீருக்கு வழியில்லை. நீர் நிற்கக்கூடிய தூரம் இன்னும் வெளியே, பத்து நாளுக்கு மேல் சுற்றும் பாதைகளில் தொடங்குகிறது. அங்கே பூமியளவு நிறையுள்ள கோள் இருந்திருந்தால், அநேகமாக மரூன்-எக்ஸின் கண்ணில் பட்டிருக்கும். செவ்வாயளவு சிறிய கோளுக்கு அங்கே இன்னும் இடம் இருக்கிறது.