காசிமேட்டு விளக்கும் வானத்து அலக்நந்தாவும்

இரவு வேளையில் காசிமேட்டுக் கடற்கரையில் நின்று பாருங்கள். தொலைவில் மங்கலாக ஒரு விளக்குத் தெரிகிறது. அருகிலுள்ள சிறு படகின் விளக்கா, அடிவானத்துக் கப்பலின் பெருவிளக்கா? ஐயமிருந்தால் படகேறிப் போய்ப் பார்த்து வரலாம்.

வான சாஸ்திரிகளுக்கு அந்த வசதி இல்லை. மங்கிய சிவப்புப் புள்ளி, பக்கத்திலுள்ள சூடு குறைந்த சிறு நக்ஷத்திரமாகவும் இருக்கலாம். கோடானுகோடி சூரியர்களைக் கொண்ட தூரத்து மண்டலமாகவும் இருக்கலாம்.

இதற்கு உபாயம், அந்தப் புள்ளியைப் பல நிறக் கண்ணாடிகள் வழியே படம் பிடிப்பதுதான். பிரபஞ்சம் விரிவதால் தூரத்து ஒளியின் அலைகள் நீண்டு விடுகின்றன. அவற்றில் குறுகியவற்றை வழியிலுள்ள ஹைட்ரஜன் வாயு விழுங்கி விடுகிறது. ஆகையால் அம்மண்டலம் நீலக் கண்ணாடியில் மறைந்து, சிவப்பிலே தலைகாட்டும். எந்த நிறத்தில் மறைகிறது என்பதைக்கொண்டு தூரத்தை அறிகிறார்கள். கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியோ, அதிலுள்ள நக்ஷத்திரங்களின் எடையைக் கணக்கிட உதவுகிறது.

இவ்விதம் புனே நகரின் தேசிய ரேடியோ வான்பௌதிக மையத்தைச் சேர்ந்த ராஷி ஜெயினும் யோகேஷ் வாததேகரும், ஹப்பிள், வெப் தொலைநோக்கிகள் 21 நிறங்களில் எடுத்த படங்களை ஆராய்ந்து, 2025-ல் ஒரு சுருள் மண்டலத்தை அறிவித்தார்கள். அதன் ஒளி புறப்பட்டுச் சுமார் 1,200 கோடி ஆண்டுகள் ஆகின்றன! நக்ஷத்திரங்களின் எடை, சூரியனைப்போல் ஏறக்குறைய ஆயிரங்கோடி மடங்கு. நம் இமயத்து நதியின் பெயரால் அதற்கு அலக்நந்தா என்று பெயரிட்டார்கள்.

பிரபஞ்சத்துக்குச் சுமார் 150 கோடி வயதே ஆன காலத்தில் இவ்வளவு ஒழுங்கான சுருள் கைகள் அமைந்திருக்க முடியாதென்றல்லவா பலரும் எண்ணியிருந்தார்கள்? அக்கைகள் உண்டான விதம் விளங்க, அதன் வாயுவும் நக்ஷத்திரங்களும் சுழலும் வேகத்தை அளந்தாக வேண்டும்.