வீட்டுக் கம்ப்யூட்டரில் ஸ்டூடியோ தரம்! செலவு எங்கே செய்யவேண்டும்?

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு சிறிய வீடு. அதில் ஒரு படுக்கை அறை. அண்ணன் பினியஸ், தங்கை பில்லி ஐலிஷ். இருவரும் அந்த அறையில் உட்கார்ந்து பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். 2019-ல் அவை ஆல்பமாக வெளிவந்தன. 2020 ஜனவரியில், ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி பரிசு அதற்குக் கிடைத்தது!

நம் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அப்படிப் பதிவு செய்யமுடியுமா?

முடியும். ஆனால் பலர் கைப்பணத்தைத் தப்பான இடத்தில் போட்டுவிடுகிறார்கள். பாட்டியின் தாலாட்டைப் பதிவு செய்து வைக்க ஆசை. உடனே கடைக்கு ஓடி, கடன் சொல்லிப் புதுக் கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள். பதிவு செய்தால், பழையபடி அதே "உஸ்" என்ற இரைச்சல்!

அது என்ன உயர்தரம்?

குரலைக் கம்ப்யூட்டர் அப்படியே பிடித்து வைப்பதில்லை. நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, எண்களாக எழுதிக்கொள்ளும். சி.டி.யில் நொடிக்கு 44,100 அளவுகள். உயர்தரப் பதிவில் 48,000 அல்லது 96,000.

அளக்கும் கோலும் முக்கியம். சி.டி.யின் கோல் "16 பிட்". அதில் 65,536 கோடுகள். உயர்தரக் கோல் "24 பிட்". அதில் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல்!

கேட்டதும் மலைப்பாக இருக்கும். கணக்குப் போட்டால் பயம் தீரும். 96,000 வீதம், 24 பிட்டில், ஸ்டீரியோவாக ஒரு மணி நேரம் பதிவு செய்தால் சுமார் 2 ஜி.பி. இடம் போதும். பழைய கம்ப்யூட்டரே இதைத் தாங்கும்.

எதிரி உள்ளே!

அப்படியானால் இரைச்சல் எங்கிருந்து வருகிறது? பெட்டிக்கு உள்ளேயிருந்துதான். மைக்கிலிருந்து வரும் மின்சாரம் மிக மெல்லியது. உள்ளே மற்ற உறுப்புகளின் மின் சலசலப்பு அதில் கலந்துவிடுகிறது.

ஆகவே, அளக்கும் வேலையைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவர வேண்டும். அதற்குத்தான் "ஆடியோ இன்டர்பேஸ்" என்ற சிறு கருவி. யு.எஸ்.பி. கம்பியில் மாட்டலாம். கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் அதில் வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். முதல் செலவு இதுதான். அடுத்தது மைக்.

பிறகு பணம் மிஞ்சினால் ரேம் 16 ஜி.பி. ஆக்கலாம். சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடலாம். இது சுழலாது. ஆகவே சத்தமும் போடாது! விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். அது படத்துக்கு; பாட்டுக்கு அல்ல. பதிவு செய்ய "ஆடாசிட்டி" என்ற புரோகிராம் இலவசம்.

வேகம் 48,000 போதும் என்பது நம் கட்சி. மனிதக் காது நொடிக்கு 20,000 அதிர்வுக்கு மேல் கேட்காது. அதைப் பிடிக்க, அதன் இரு மடங்குக்குச் சற்று மேல் இருந்தால் சரி. 24 பிட்டை மட்டும் விடாதீர்கள்.

சார்ஜரை மாட்டினால் லேப்டாப் பதிவில் "ம்ம்" என்று கேட்கிறதா? பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் மின் இணைப்பைக் கவனிக்க வேண்டும். இரைச்சலை நிறுத்தச் சிலர் பிளக்கின் எர்த் முனையை வெட்டுகிறார்கள். வெட்டவே வெட்டாதீர்கள். உயிருக்கு ஆபத்து!

பாட்டி பாட உட்காரும்போது...

மின்விசிறியை நிறுத்துங்கள். வெறும் சுவர் எதிரொலிக்கும். கம்பளி, போர்வைகளைத் தொங்கவிடுங்கள். துணி நிறைந்த அறை இன்னும் நல்லது.

திரையில் ஒலி அளவு காட்டும் மீட்டர் சிவப்பைத் தொடக்கூடாது. தொட்டால் குரல் கிழியும். கிழிந்த குரலை முழுதாக ஒட்டவைக்க வழி இல்லை. பாட்டியை இன்னொரு முறை பாடச் சொல்லலாம். ஆனால் எப்போதும் சொல்லமுடியுமா? ஆகவே உச்சக் குரலிலும் மைனஸ் 12 அளவில் நிற்கும்படி குறைத்து வையுங்கள். 24 பிட்டில் குறைவாகப் பதிந்த குரலைப் பின்னால் தாராளமாக உயர்த்தலாம்.

பாட்டு முடிந்ததும், பாட்டி எழுந்திருப்பதற்குள் ஒரு முறை ஹெட்போனில் கேட்டுவிடுங்கள். அன்றைக்கே வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, தேதியும் பெயரும் எழுதி வையுங்கள்.