14 ஆட்டங்கள், 14 தோல்விகள்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் விளையாட்டு நிர்வாகம் படிக்கிறேன். சென்ற தவணையில் எங்களுக்கு ஓர் ஒப்படைப்பு கிடைத்தது. ஏதாவது ஒரு நிபுணத்துவக் குழுவின் ஒரு பருவத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் முடிவுக்கான காரணங்களை ஆராய வேண்டும். நண்பர்கள் எல்லாரும் கிண்ணம் வென்ற குழுக்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் எடுத்துக்கொண்டதோ ஓர் ஆட்டத்தில்கூட வெல்லாத குழுவை.

அதற்குக் காரணம் உண்டு. உயர்நிலை மூன்றில் நான் பள்ளிக் காற்பந்துக் குழுவின் கோல்காப்பாளர். அந்த ஆண்டு ஐந்து ஆட்டங்கள் ஆடினோம். ஐந்திலும் தோற்றோம். 19 கோல்களை விட்டேன். பந்தைத் தடுப்பதைவிட, வலைக்குள்ளிருந்து எடுத்து வருவதில்தான் எனக்கு அதிகப் பயிற்சி கிடைத்தது.

நான் தேர்ந்தெடுத்த குழு, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள டாம்பா பே பக்கனியர்ஸ். பருவம் 1976.

அமெரிக்கக் காற்பந்து நாம் ஆடும் காற்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்து பிடித்தும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்க்க வேண்டும். அதற்கு ‘டச்டவுன்’ என்று பெயர். அது ஆறு புள்ளி பெறும். கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பினால் மூன்று புள்ளி.

1976இல் தேசியக் காற்பந்து லீக்கில் இரண்டு புதுக் குழுக்கள் சேர்ந்தன. ஒன்று சியாட்டல், மற்றொன்று டாம்பா பே. டாம்பாவின் பயிற்றுவிப்பாளர் ஜான் மெக்கே சாதாரணமானவர் அல்லர். தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகக் குழுவுக்கு நான்கு முறை தேசிய வெற்றியாளர் பட்டம் பெற்றுத் தந்தவர். பந்தெறியும் முக்கியப் பொறுப்பில் இருந்த ஸ்டீவ் ஸ்பரியர், கல்லூரிக் காற்பந்தின் உயரிய ஹெய்ஸ்மன் விருதை 1966இல் வென்றவர்.

அப்படியிருந்தும் முதல் ஆட்டத்தில் 0-20, இரண்டாவதில் 0-23 எனத் தோல்வி. மூன்றாவது ஆட்டத்தில்தான் முதல் புள்ளியே வந்தது. முதல் டச்டவுனுக்கு நான்காவது ஆட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதையும் தாக்குதல் ஆட்டக்காரர்கள் போடவில்லை. எதிரணி நழுவவிட்ட பந்தைத் தற்காப்பு ஆட்டக்காரர் டேனி ரீஸ் எடுத்துக்கொண்டு ஓடிப் போட்டார்.

ஆறாவது ஆட்டம் சக புதுக் குழுவான சியாட்டலுடன். வெல்ல முடியும் என்று நம்பக்கூடிய ஆட்டம் அதுதான். 10-13 எனப் பின்தங்கியிருந்தபோது, கடைசி நிமிடத்தில் ஆட்டத்தைச் சமன் செய்ய ஓர் உதை கிடைத்தது. எதிரணி அதையும் தடுத்துவிட்டது. பருவம் முடிந்தபோது டாம்பா எடுத்திருந்த மொத்தப் புள்ளிகள் 125. விட்டுக்கொடுத்தவை 412.

‘முயற்சி போதவில்லை’ என்று எழுதியிருந்தால் ஒப்படைப்பு ஒரே பக்கத்தில் முடிந்திருக்கும். ஆனால் காரணம் பருவம் தொடங்குவதற்கு முன்பே இருந்தது. புதுக் குழுக்கள் தங்கள் அனுபவ ஆட்டக்காரர்களைப் பழைய குழுக்களிலிருந்து எடுக்கலாம் என்பது விதி. ஆனால் பழைய குழுக்கள் தங்கள் சிறந்தவர்களைத் தக்கவைத்துக்கொண்டு, மீதமிருந்தவர்களையே பட்டியலில் போட்டன. காயத்திலிருந்து மீளாதவர்கள், வயதானவர்கள், வேறெங்கும் இடம் கிடைக்காதவர்கள் ஒரே ஆண்டில் ஒரு குழுவாக வேண்டியிருந்தது. ஆடத் தொடங்கியதும் மேலும் பலர் காயமடைந்தார்கள்.

அடுத்த பருவத்திலும் முதல் 12 ஆட்டங்களில் தோல்வி. ஆக, தொடர்ந்து 26 தோல்விகள். அமெரிக்கா முழுவதும் அந்தக் குழு கேலிப்பொருளானது. 1977 டிசம்பர் 11ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸ் நகரில் 33-14 என முதல் வெற்றி கிட்டியது. அன்றிரவு ஊர் திரும்பிய குழுவை வரவேற்க ஆயிரக்கணக்கான ரசிகர்கள் கூடினார்கள்.

அதன்பின் நடந்ததுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. குழு நிர்வாகம் மெக்கேயை நீக்கவில்லை. கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் புதுக் குழுவுக்கும் பலவீனமான குழுவுக்கும் முன்னுரிமை கிடைக்கும். அந்த வாய்ப்பில் 1976இல் லீ ராய் செல்மன் என்ற தற்காப்பு ஆட்டக்காரரும், 1977இல் பந்தோடு ஓடும் ரிக்கி பெல்லும் வந்தார்கள். 1978இல் பந்தெறியும் டக் வில்லியம்ஸ் சேர்ந்தார். வெற்றிகள் முதல் ஆண்டு 0, பிறகு 2, பிறகு 5, பிறகு 10 என்று உயர்ந்தன.

1979இல் 16 ஆட்டங்களில் அவர்கள் விட்டுக்கொடுத்தது வெறும் 237 புள்ளிகள். லீக்கிலேயே அதுதான் ஆகக் குறைவு. கொட்டும் மழையில் 3-0 என வென்று தங்கள் பிரிவில் முதலிடம் பிடித்தார்கள். இறுதி ஆட்டத்துக்கு ஒரு படி முன்னால் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸிடம் 0-9 எனத் தோற்றார்கள். அந்த ஆண்டின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருது செல்மனுக்குக் கிடைத்தது. இன்று டாம்பாவில் ஒரு விரைவுச்சாலை அவர் பெயரில் இருக்கிறது.

நான் படைத்து முடித்ததும் விரிவுரையாளர் ஒரு கேள்வி கேட்டார்: “1976 ஆட்டக்காரர்களுக்கு என்ன கிடைத்தது?”

நான் தடுமாறிப்போனேன். 1979 குழுவில் அவர்களில் சிலரே எஞ்சியிருந்தார்கள். ஸ்பரியர் 1977 பருவம் தொடங்கும் முன்பே விடுவிக்கப்பட்டார். (பின்னர் அவர் பயிற்றுவிப்பாளராகி, 1996இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகக் குழுவைத் தேசிய வெற்றியாளர் ஆக்கினார்.) மற்ற பலர் தோல்வியை மட்டும் சுமந்துவிட்டு விலகினார்கள். பின்னால் வரும் வெற்றி, முன்னால் தோற்றவர்களுக்குச் சொந்தமாவதில்லை. ‘தோல்வியே வெற்றியின் முதல் படி’ என்று மேடையில் பேசும்போது இதை நாம் சொல்வதில்லை.

ஆனால் அவர்கள் வாராவாரம் திடலுக்கு வந்தார்கள். 14ஆவது ஆட்டத்தையும் ஆடினார்கள். அவர்கள் வந்ததால்தான் செல்மன் வளர ஒரு குழு இருந்தது.

சில வாரங்களுக்கு முன்பு என் பழைய பள்ளியின் ஆட்டத்தைப் பார்க்கப் போனேன். அன்று உயர்நிலை ஒன்றில் மாற்று கோல்காப்பாளராக இருந்த தம்பி, இப்போது உயர்நிலை நான்கில் முதன்மைக் கோல்காப்பாளர். ஆட்டத்தில் 2-1 என வென்றார்கள். கையுறையைக்கூடக் கழற்றாமல் என்னிடம் ஓடி வந்தான்.

“அண்ணா, நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரியே கார்னருக்கு ரெண்டு அடி முன்னால வந்து நின்னேன். பாத்தீங்களா?”

பார்த்தேன். அந்த இரண்டு அடியை, அப்படி நிற்காமல் 19 கோல் விட்ட பிறகுதான் நானே கற்றுக்கொண்டேன் என்று அவனிடம் சொன்னேன்.